ஆவூர்க் கோவிலும் சேரி வாசலும்

விசுவாசிகளுக்கு இடையிலான அன்பைப் பற்றிப் பிரசங்கம் செய்யலாம், பாட்டுக் கட்டலாம். அதை ஆராய முடியுமா? ஒருவர் மனத்தில் இன்னொருவர்மீது அன்பு இருந்ததா என்பதற்குச் சாட்சி கிடையாது. ஆனால் அவர் அந்த இன்னொருவரின் வீட்டுக்குள் போனாரா, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாரா, ஒரே பாத்திரத்திலிருந்து நன்மை வாங்கினாரா, செத்த பிறகு ஒரே கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் ஆனாரா என்பதற்கெல்லாம் சாட்சி உண்டு. கடிதங்களாக, ஆணைகளாக, வழக்குத் தீர்ப்புகளாக, சில இடங்களில் சுவர்களாகவே அது இருக்கிறது. யோவானின் முதல் நிருபம்கூட, கண்ணால் காணும் சகோதரனிடம் ஒருவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதைக் கொண்டுதான் கடவுள்மீது அவர் வைத்திருக்கும் அன்பை அளக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் தேடுவது வரலாறு எழுதுகிறவனுக்கும் சரியான வழிதான்.

அப்படித் தேடுவதற்குப் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் ஊர் இருக்கிறது. விராலிமலை வட்டாரத்தில், புதுக்கோட்டை நகரிலிருந்து 28 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஆவூர். 2011 கணக்கெடுப்பில் 16,18,345 பேர் இருந்த இந்த மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. ஆனாலும் தமிழ்க் கிறிஸ்தவ வரலாற்றில் ஆவூருக்கு உள்ள இடம் பெரிது. இன்றைய கோவில் 1747இல் கட்டப்பட்டது. அதற்கு முன்பே பழைய ஆவூரில் ஒரு கோவில் எழும்பி, போரில் அழிந்துவிட்டது. வீரமாமுனிவர் இங்கே பணி செய்திருக்கிறார். ஈஸ்டரை ஒட்டி நடக்கும் பாஸ்காவும் தேர்த் திருவிழாவும் சுற்றுவட்டாரம் முழுவதையும் இழுத்து வருகின்றன. முதல் கோவில் 1547இல் கட்டப்பட்டது என்று சில சுற்றுலாக் குறிப்புகளில் காணப்படுவது பிழை. அதைக் கட்டிய வெனான்சியுஸ் புஷே என்ற பிரெஞ்சு சேசு சபைத் துறவி பிறந்ததே 1655இல்தான். 17ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டு என்று கொள்வதே சரி.

அந்தப் பத்தாண்டில் ஆவூர் இருந்தது இரண்டு அதிகாரங்களின் விளிம்பில். 1686 வாக்கில் ரகுநாதத் தொண்டைமான் புதுக்கோட்டையில் தன் ஆட்சியை நிறுவியிருந்தார். திருச்சிராப்பள்ளியில் இருந்துகொண்டு ராணி மங்கம்மாள் மதுரை நாயக்க அரசை நடத்திக்கொண்டிருந்தார். மறவர் சீமையில் 1693 பிப்ரவரியில் சேசு சபைக் குருவான அருளானந்தர் ஓரியூரில் தலை வெட்டப்பட்டு இறந்திருந்தார். கிறிஸ்தவனாக இருப்பது உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடிய காலம் அது. சயாமில் (இன்றைய தாய்லாந்தில்) ஏற்பட்ட அரசியல் புரட்சியால் அங்கிருந்து வெளியேறி இந்தியாவுக்கு வந்த புஷே, இந்தக் கள்ளர் நாட்டு எல்லையில் கோவிலைக் கட்டிக் குடியேறினார். அவருடைய சகபாடியான பியேர் மார்த்தேன் எழுதிய கடிதங்கள் பின்னர் பாரிஸில் அச்சாகின. ஆவூர்க் கோவிலின் அலங்காரத்தையும் திருநாள் கூட்டத்தையும் ஓய்வே இல்லாத புஷேயின் உழைப்பையும் அவற்றில் படிக்கலாம்.

இந்தக் குருக்கள் வசதி தேடி வந்தவர்கள் அல்லர். 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி காட்டிய வழியில் காவி உடுத்தி, புலால் விலக்கி, சந்நியாசிகளாக வாழ்ந்தார்கள். வெயிலில் நடந்தார்கள், சிறைப்பட்டார்கள், பலர் இளம் வயதிலேயே இறந்தார்கள். சபையாரும் சளைத்தவர்கள் அல்லர். நாயக்கர் அதிகாரிகளும் பாளையக்காரர்களும் நெருக்கிய போதெல்லாம் உபதேசியார்கள் அடி வாங்கிக்கொண்டு விசுவாசத்தைக் காத்தார்கள். வெளியிலிருந்து வந்த துன்பத்தைச் சேர்ந்து தாங்கிய ஒரு சமூகம் அது. அந்த அளவில் அவர்களுடைய அன்பு மெய்யானது. இதைச் சொல்லிவிட்டுத்தான் அடுத்ததைச் சொல்ல வேண்டும்.

உள்ளே இருந்த துன்பம் இரண்டு வகை. ஒன்று எல்லாச் சபைகளிலும் நடப்பது. ஒழுக்கக் குறைவுக்காகப் பதவி நீக்கப்பட்ட மூன்று உபதேசியார்கள் சினங்கொண்டு அரச அதிகாரத்திடம் போய், தங்களுக்கு ஞானம் கற்பித்த குருக்களையே பறங்கிகள் என்று காட்டிக்கொடுத்தார்கள். புஷே திருச்சிராப்பள்ளிக்குச் சென்று நாயக்க அரசின் தளவாய் நரசப்பையாவை நேரில் கண்டார். தமிழில் பெயர்கள் எழுதிய ஒரு பூகோள உருண்டையைக் காணிக்கையாக வைத்தார். தளவாய் மரியாதையோடு வரவேற்றார், ஆபத்து நீங்கியது. உடன் உண்டு உடன் நடந்தவர்களே காட்டிக்கொடுத்தது அந்தச் சபையைக் கடுமையாகப் புண்படுத்தியிருக்கும். என்றாலும் அதைத் துரோகம் என்று எல்லாரும் அறிந்திருந்தார்கள்.

இரண்டாவது வகை, தவறு என்றே யாரும் நினைக்காதது.

மதுரை மிஷனில் குருக்கள் இரு பிரிவாக இருந்தார்கள். உயர்சாதியாரிடையே வாழ்ந்த பிராமண சந்நியாசிகள் ஒரு பிரிவு. 1640இல் பல்தசார் தா கோஸ்தா தொடங்கிவைத்த பண்டாரசாமிகள் மறு பிரிவு. பண்டாரசாமி வேளாளரோடும் கள்ளரோடும் பழகலாம், பறையர் சமூகத்துக் கிறிஸ்தவர்களுக்கும் ஊழியம் செய்யலாம். அருளானந்தர் இந்த மரபில் வந்தவர். அந்த ஏற்பாட்டால் ஆயிரக்கணக்கான எளிய மக்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்பது உண்மை. ஆனால் பண்டாரசாமியும் ஓர் எல்லையைத் தாண்டவில்லை. அவர் சேரி வீட்டுக்குள் நுழைய மாட்டார். பூசை காண அவர்களுக்குத் தனிக் கோவில் இருக்கும், அல்லது தனி இடம் இருக்கும். சேரியில் ஒருவர் சாகக் கிடந்தால், அவரைக் கட்டிலோடு தூக்கிக் கோவிலுக்கோ குறித்த ஒரு வெளியிடத்துக்கோ கொண்டுவர வேண்டும். அங்கே குரு வந்து பாவசங்கீர்த்தனம் கேட்டு அவஸ்தை பூசுவார்.

இதை ஒரு விதியாகப் படித்துவிட்டு நகர்ந்துவிடலாகாது. பேதியிலோ காய்ச்சலிலோ உயிர் போய்க்கொண்டிருக்கும் ஒரு மனிதர். நான்கு பேர் கட்டிலின் கால்களைப் பிடிக்கிறார்கள். குண்டும் குழியுமான வரப்பில், புதுக்கோட்டைச் செம்மண் பூமியின் வெயிலிலோ ஐப்பசி மழையிலோ, அசையக் கூடாத உடம்பை அசைத்துக்கொண்டு போகிறார்கள். வழியிலேயே உயிர் பிரிந்திருந்தால் அவர் கேட்ட ஆறுதல் கிடைக்காமலே போயிருக்கும். வரவேண்டிய குருவோ நடக்க முடியாதவர் அல்லர். பல காதம் நடந்து பழகிய கால்கள் அவருடையவை. கடைசிச் சில அடிகளைத்தான் அவர் வைக்கவில்லை.

1703 நவம்பரில் திருத்தந்தையின் தூதராகப் புதுச்சேரியில் வந்திறங்கிய சார்ல்ஸ் தெ தூர்னோன், அடுத்த ஆண்டு ஜூன் 23 தேதியிட்டு ஓர் ஆணை எழுதினார். மலபார்ச் சடங்குகள் பற்றிய அந்த ஆணையைக் குறித்து எழுதுவோர் தாலி, திருநீறு, ஞானஸ்நானத்தில் எச்சில் தொடும் சடங்கு, குழந்தை மணம் ஆகியவற்றைத்தான் விரிவாகப் பேசுவார்கள். தூர்னோன் தமிழகத்தைச் சரியாக அறியாதவர், உடல்நலம் கெட்டுப் புதுச்சேரியிலேயே இருந்து தீர்ப்பு எழுதியவர் என்பதெல்லாம் நியாயமான குற்றச்சாட்டுகளே. பண்பாடு தெரியாமல் பலவற்றைத் தடை செய்தார் என்பதும் சரி. ஆனால் அந்த ஆணையின் ஒரு பகுதி, நோயுற்ற பறையர் கிறிஸ்தவர்களின் வீடுகளுக்குக் குருக்கள் நேரில் போய்த் திருவருட்சாதனங்களைக் கொடுக்க வேண்டும் என்றது. இந்த ஒன்றில் ஊர் தெரியாத அந்த இத்தாலியர், ஊரையெல்லாம் அறிந்தவர்களைவிடச் சரியாகப் பார்த்தார் என்பது என் முடிவு.

ஆணையை எதிர்த்து வாதாட மிஷனரிகள் ரோமுக்கு இருவரை அனுப்பினார்கள். ஒருவர் பின்னர் மயிலாப்பூர் ஆயரான லாய்னஸ். மற்றவர் ஆவூர்க் கோவிலைக் கட்டிய புஷே.

அவர்கள் தரப்பு வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. சேரிக்குள் போய்வந்த குருவிடம் உயர்சாதியார் எவரும் அருட்சாதனம் பெறமாட்டார்கள், அவர் பறங்கியாகிவிடுவார், அரசர்கள் விரட்டுவார்கள், கடைசியில் பறையர்களுக்கும் குரு இல்லாமல் போய்விடும் என்பது அந்த வாதம். அன்றைய அரசியலை அறிந்தவர்களுக்கு இதில் உண்மை இருப்பது தெரியும். புஷே தமிழரின் வழக்காறுகளை நுணுகிக் கவனித்தவர். எழுதிய சட்டம் இல்லாமல் பழமொழியாலும் மாமூலாலும் இங்கே நீதி நடப்பதைப் பற்றி அவரே ஒரு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஊரின் மனம் என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும்.

ஆனாலும் அந்தக் கணக்கில் ஒரு பக்கத்துச் செலவுதான் எழுதப்பட்டிருக்கிறது. குரு சேரிக்குப் போனால் எத்தனை வேளாளர் விலகுவார்கள் என்று கணக்கிட்டவர்கள், போகாததால் கட்டிலில் கிடந்தவர் எதை இழந்தார் என்று கணக்கிடவில்லை. வேளாளக் கிறிஸ்தவருக்கு என்ன வலிக்கும் என்பது கடிதங்களில் நிறைய இருக்கிறது. சேரிக் கிறிஸ்தவர் தம் கையால் எழுதிய ஒரு கடிதம்கூட அந்தத் தொகுப்புகளில் இடம்பெறவில்லை. விசுவாசிகளுக்குள் அன்பு என்று பேசும்போது, யாருடைய வலி பதிவாகிறது, யாருடையது பதிவாகாமல் போகிறது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

வழக்கு நாற்பது ஆண்டு நடந்தது. 1744 செப்டம்பரில் பதினான்காம் பெனடிக்ட் தம் இறுதி ஆணையை வெளியிட்டார். தூர்னோன் சொன்னது அடிப்படையில் நிலைத்தது. ஆனால் சேரி வீடுகளுக்குப் போகும் விஷயத்தில் சேசு சபையினர் ஒரு வழி சொன்னார்கள்: பறையர்களுக்கென்றே தனிக் குருக்களை ஒதுக்கிவிடுவது. திருத்தந்தை அதை ஏற்றார். சாகக் கிடந்தவரைத் தேடி இனி ஒரு குரு வருவார், அது பெரிய ஆறுதல்தான். ஆனால் அவர் வேறு குரு. வேளாளர் தெருவுக்குப் போகும் குருவின் கால் இன்னமும் சேரியில் படாது. ஒரே மேய்ப்பன் என்று போதித்த மதம், ஒரே ஊருக்கு இரண்டு மேய்ப்பர்களை நியமித்து அமைதி கண்டது. இதற்கு மூன்று ஆண்டு கழித்து ஆவூரில் புதிய கோவில் எழும்பியது. அதன் மணி ஒரே நேரத்தில் இரண்டு தெருக்களிலும் கேட்டிருக்கும்.

இந்தப் பிரச்சினை தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியது என்று நினைப்பவர்கள் புதிய ஏற்பாட்டை மறுபடி படிக்க வேண்டும். அந்தியோகியாவில் புறஜாதியாரோடு பந்தியில் இருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து விலகினார். பவுல் எல்லார் முன்னிலையிலும் அவரைக் கண்டித்ததாகக் கலாத்தியர் நிருபம் சொல்கிறது. கொரிந்துவில் வசதி உள்ளவர்கள் முதலில் வந்து வயிறு நிறையச் சாப்பிட்டுவிட, கூலி வேலை முடித்துப் பிந்தி வந்தவர்கள் பசியோடு நின்றார்கள். இராப்போஜனம் பற்றிப் பவுல் எழுதிய கடுமையான பகுதி அதைக் குறித்தது. யாக்கோபு எடுத்துக்காட்டுவது, மோதிரம் போட்டவனுக்கு நல்ல இருக்கையும் கந்தை உடுத்தவனுக்குக் கீழே இடமும் கொடுக்கிற சபையை. முதல் நூற்றாண்டிலேயே இந்த அன்பு சோதிக்கப்பட்ட இடங்கள் பந்தியும் இருக்கையும்தான். ஆவூர்க் குருக்கள் இந்த நிருபங்களை மனப்பாடமாக அறிந்தவர்கள். பேதுருவின் பயம் அவர்களுக்கும் வந்தது. பவுலின் இடத்தில் நின்று பேச அன்று ஊருக்குள் யாரும் இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் புராட்டஸ்டண்டு மிஷன்கள் இதை வேறு விதமாகக் கையாண்டன. 1833இல் ஆங்கிலிக்கன் ஆயர் டேனியல் வில்சன், சாதி வேறுபாட்டைச் சபைகளிலிருந்து அடியோடு நீக்கச் சொல்லிச் சுற்றறிக்கை விட்டார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் வேளாளக் கிறிஸ்தவர்கள் திரண்டு எதிர்த்தார்கள். தமிழ்க் கிறிஸ்தவப் பாடலின் பெரும் புலவரான வேதநாயக சாஸ்திரியார் அதற்கு முன்பே சாதி திருத்துவதைப் பைத்தியக்காரத்தனம் என்று நூல் எழுதியிருந்தார். இன்றும் அவருடைய பாடல்களைப் பாடி மனம் உருகுகிறவர்கள் இதை நம்ப மறுப்பார்கள். கடவுளுக்காக உருகும் மனமும் சகவிசுவாசியிடம் இறுகும் மனமும் ஒரே மனிதரிடம் கூடியிருக்க முடியும் என்பதுதான் இந்த வரலாறு திரும்பத் திரும்பக் காட்டும் சங்கடமான உண்மை.

மதுரையிலிருந்த அமெரிக்க மிஷன் 1847இல் சாதியைப் பிறமத வழக்கத்தின் உயிர்நாடி என்று தீர்மானித்து, உபதேசியார்கள் சிநேக விருந்தில் எல்லாருடனும் உட்கார்ந்து உண்ண வேண்டும் என்றது. மறுத்த பலர் வேலையையும் சபையையும் விட்டார்கள். 1850இல் சென்னை மிஷனரி மாநாடும் ஏறக்குறைய இதையே சொன்னது. புதுக்கோட்டைச் சீமையிலும் இந்த அமெரிக்க மிஷன் வேலை செய்தது. பின்னர் களம் லைப்சிக் லூத்தரன் மிஷனின் கைக்குப் போயிற்று. லைப்சிக் மிஷன் சாதி விஷயத்தில் பொறுமை காட்டியது. மற்ற மிஷன்களிலிருந்து மனம் கசந்து வந்த உயர்சாதிக் கிறிஸ்தவர்களுக்கு அது அடைக்கலமாயிற்று. ஆக, ஒரே நூற்றாண்டில் இந்தச் சிறு சீமையைக் கண்டிப்பு, பொறுமை ஆகிய இரண்டு கொள்கைகளும் தொட்டுப் போயின.

கண்டிப்பு வென்றதா? சிநேக விருந்தைத் தேர்வாக வைத்ததில் ஒரு பிழை இருந்தது. வெள்ளைக்கார மேலதிகாரி முன்னால், சம்பளத்துக்காக, ஒரு நாள் மாலை ஒரு கவளம் சோற்றை விழுங்கியவர் அடுத்த நாள் யார் வீட்டில் சாப்பிட்டார் என்று எவரும் கேட்கவில்லை. அந்த மிஷனரிகள் தங்கள் பங்களாக்களில் தங்கள் தமிழ் உபதேசியாரைச் சமமாக உட்காரவைத்து உணவளித்தது எத்தனை முறை என்ற கேள்வியும் எழாமல் போயிற்று. ஆனாலும் அவர்கள் விரல் வைத்த இடம் சரியான இடம். தென்மாவட்டச் சபைகளில் இன்றும் அசனம் நடக்கும்போது, பாயில் வரிசையாக உட்கார்ந்து, யார் பக்கத்தில் யார் என்று பாராமல் ஒரே அண்டாச் சோற்றை உண்ணும் வழக்கம் இருக்கிறது. அதற்குப் பின்னால் அந்தப் பழைய பிணக்கும் இருக்கிறது என்று நான் எண்ணுகிறேன்.

கத்தோலிக்கர் பக்கத்தில் இதே சண்டை செங்கல்லில் நடந்தது. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872இல் ஒரு கோவில் கட்டினார்கள். பீடம் ஒன்று, அதிலிருந்து திறந்த கத்தரிக்கோல்போல் இரண்டு கூடங்கள் விரியும். ஒன்று வேளாளருக்கு, மற்றது நாடார் முதலிய மற்றவர்களுக்கு. நடுவில் சுவர். குரு இருபக்கத்தாருக்கும் தெரிவார். ஒரு பக்கத்தார் மறுபக்கத்தாருக்குத் தெரியமாட்டார்கள். 1910இல் கௌசானல் அடிகள் அந்தச் சுவரை இடித்தார். வேளாளர்கள் வழக்குப் போட்டார்கள். அன்று வடக்கன்குளம் திருச்சிராப்பள்ளி மறைமாவட்டத்தில் இருந்ததால் ஆயர் பார்த் பிரதிவாதியானார். சென்னை உயர் நீதிமன்றம் வரை போன அந்த வழக்கில், கோவிலுக்குள் சாதியின் பேரால் தனியிடம் கோர கிறிஸ்தவருக்கு உரிமை இல்லை என்று தீர்ப்பாயிற்று. ஒரு பங்கின் சகோதர அன்பை நிலைநாட்ட ஆங்கிலேயர் நீதிமன்றம் தேவைப்பட்டது வருத்தம்தான். ஆனால் அந்தச் சுவர் மறுபடி எழவில்லை. அன்பு மனத்தில் பிறக்க வேண்டும், சட்டத்தால் வராது என்று சொல்லிக் காத்திருந்திருந்தால் அது இன்னும் நின்றுகொண்டிருக்கும்.

மனத்திலும் பிறந்து வாழ்க்கையிலும் நிலைத்த ஓர் உதாரணத்தைத் தமிழ்நாட்டில் காட்டச் சொன்னால், நான் வடக்கே திருப்பத்தூரைக் காட்டுவேன். அங்கே 1921இல் இரண்டு மருத்துவர்கள் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். ஒருவர் தமிழரான சவரிராயன் ஜேசுதாசன். மற்றவர் ஸ்காட்லாந்தின் பெரும் கம்பளி நூல் தயாரிப்புக் குடும்பத்தில் பிறந்த எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன். அப்போது மிஷன் அமைப்புகளில் வெள்ளையருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்கு ஒரு சம்பளம். வீடு, சாப்பாடு, மரியாதை எல்லாம் தனித்தனி. கிறிஸ்துவுக்குள் சகோதரர் என்ற பேச்சு பீடத்தோடு நின்றது. இந்த இருவரும் திருமணம் செய்துகொள்ளாமல், கதர் உடுத்தி, மரக்கறி உண்டு, ஒரே கூரையின்கீழ் ஆயுள் முழுவதும் வாழ்ந்து ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார்கள். பேட்டனின் சொத்து ஆசிரமத்துக்குச் செலவாயிற்று.

ஆசிரமத்தில் ஜேசுதாசனைப் பெரியண்ணன் என்றும் பேட்டனைச் சின்னண்ணன் என்றும் அழைத்தார்கள். ஜேசுதாசன் வயதில் மூத்தவர், அதனால் அது இயல்பான முறைதான். ஆனால் 1921இன் இந்தியாவில், பணம் போட்ட வெள்ளைக்காரர் சின்னவராகவும் தமிழர் பெரியவராகவும் இருந்த மிஷன் நிலையத்தை விரல்விட்டுத்தான் எண்ண வேண்டும். 1932இல் சட்டமறுப்புக் காலத்தில் கதர் அணிந்து சென்னைத் தெருவில் நின்ற பேட்டனைப் போலீசார் அடித்தார்கள். லண்டன் நாடாளுமன்றத்தில் அது கேள்வியாயிற்று. நண்பரின் உடையை உடுத்தியதால் நண்பரின் மக்களுக்கு விழும் அடி அவருக்கும் விழுந்தது. ஆவூர்க் குருக்களும் இந்த நாட்டு உடையைத்தான் உடுத்தினார்கள். அவர்கள் உடுத்திய காவி மதிப்பு உள்ளவர்களோடு அவர்களைச் சேர்த்தது. பேட்டன் உடுத்திய கதர் அடிபடுகிறவர்களோடு அவரைச் சேர்த்தது. 1969இல் பெரியண்ணன் மறைந்தார், அடுத்த ஆண்டே சின்னண்ணனும் மறைந்தார். அவர்கள் தமிழ்நாட்டுக் கோபுரப் பாணியில் கட்டிய ஜெபாலயம் இன்றும் இருக்கிறது.

இன்றைக்கு வருவோம். 2008 மார்ச் 9 அன்று, அன்றைய விழுப்புரம் மாவட்டத்தின் இறையூரில், ஒரே பங்கைச் சேர்ந்த வன்னியக் கிறிஸ்தவர்களுக்கும் தலித் கிறிஸ்தவர்களுக்கும் மூண்ட மோதல் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர்களைப் பறித்தது. தலித்துகள் கேட்டது பொதுவழியில் இறுதி ஊர்வலம், ஆலயத்தில் சம இடம், அது இல்லையென்றால் தனிப் பங்கு. ஆவூருக்குப் பக்கத்துப் பெருநகரமான திருச்சியின் மேலப்புதூரில், கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே சாதிச் சுவர் நின்றது பத்திரிகைகளில் பலமுறை எழுதப்பட்ட செய்தி. 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டது. நாட்டின் 1.9 கோடிக் கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்று அதில் ஒப்புக்கொண்டு, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதையும் வெளிப்படையாகச் சொன்னது. துணிவான ஆவணம். பல பங்குகளில் அதை வாசித்துக்கூடக் காட்டவில்லை.

புதுக்கோட்டைச் சபைகள் நிற்பது எந்த மண்ணில் என்பதையும் மறக்கக் கூடாது. 2022 டிசம்பரில் தலித் மக்களுக்குக் குடிநீர் தரும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட வேங்கைவயல் இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. அது கிறிஸ்தவர் பிரச்சினை அல்ல என்று சொல்லி ஒதுங்குவது எளிது. அந்தத் தொட்டியின் நிழலில் வளரும் பிள்ளைகள்தான் ஞாயிறு மறைக்கல்விக்கும் வருகிறார்கள். ஊரில் கற்றுக்கொண்டதைக் கோவில் மாற்றுகிறதா, அல்லது அதற்கே ஒரு பீடம் கட்டிக் கொடுக்கிறதா என்பதுதான் கேள்வி.

இன்று எந்தக் குருவும் சேரி வாசலில் நிற்பதில்லை, உள்ளே போகிறார். அது பெரிய மாற்றம்; தலித் சமூகத்திலிருந்தே குருக்களும் ஆயர்களும் வந்துவிட்டார்கள். குருவின் கால் போகிற இடத்துக்குச் சபையாரின் கால் போகிறதா? திருமணப் பதிவேட்டைத் திறந்து பார்த்தால் தெரியும். கிறிஸ்தவப் பத்திரிகைகளின் மணமக்கள் தேவைப் பக்கத்தில் ஆர்.சி., சி.எஸ்.ஐ. என்பதற்கு அடுத்த சொல்லாகச் சாதிப் பெயர் வரும். மதம் மாறினாலும் சாதி மாறவில்லை என்று வெளியார் குறை சொல்லத் தேவையே இல்லை. நாமே பணம் கட்டி அச்சடித்துக்கொள்கிறோம். இன்னொரு நுட்பமான வழி திருவிழா வரி. சில ஊர்களில் தலித் குடும்பங்களை யாரும் விலக்கிவைப்பதில்லை, தலைக்கட்டு வரி மட்டும் அவர்களிடம் வாங்கமாட்டார்கள். வரி கொடுக்காதவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை இல்லை, மண்டகப்படி இல்லை, தேர் அவர் தெருவுக்கு வராது. ஏழைகளிடம் எதற்கு வாங்குவது என்று இரக்கம்போல் சொல்லிவிடலாம். அன்பின் பேச்சில் இத்தகைய விலக்கு நடக்கும்போது அதைக் கண்டுபிடிக்க வரிப் புத்தகம்தான் உதவும்.

சபைக்குள் இதைக் கிளறினால் ஒற்றுமை கெடும் என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் பயத்தில் பொய் இல்லை, புஷேயின் பயத்தில் பொய் இல்லாததுபோல. ஆனால் கட்டிலில் தூக்கிவரப்பட்டவர்களையும் சேர்த்துக்கொண்டுதான் அது ஒற்றுமையா என்று முடிவு செய்ய வேண்டும். அவர்களைக் கேளாமல் நிலவும் அமைதிக்கு அந்தப் பெயர் பொருந்தாது.

எனவே இந்த மாவட்டத்தின் பங்குகளுக்கும் சபைகளுக்கும் ஒரு வேண்டுகோள். உங்களிடம் ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு, அடக்கப் பதிவேடு, திருவிழா வரிக்கணக்கு ஆகியவை இருக்கின்றன. கரையானுக்குக் கொடுக்காமல் அவற்றை ஆய்வு மாணவர்களுக்குத் திறந்துவிடுங்கள். ஆவூரிலும் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலும் எண்பது வயதைத் தாண்டிய தலித் கிறிஸ்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கோவிலில் எங்கே உட்கார்ந்தோம், நன்மை வாங்க எந்த வரிசையில் நின்றோம், பிணத்தை எந்த வழியாகக் கொண்டுபோனோம் என்பதை அவர்கள் வாயால் சொல்லக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். பாரிஸில் அச்சான கடிதங்களில் அவர்கள் பக்கம் இல்லை. அதை எழுதும் காலம் இன்னும் சில ஆண்டுகள்தான் இருக்கிறது.